தாலித்தட்டைச் சுமந்த பிள்ளை

நான் இருக்கிற ஊரில் நீச்சல்குளத்துக்குப் போனால், உடை மாற்றும் இடத்தில் 'ஆண்கள்', 'பெண்கள்' என்ற பலகை கிடையாது. ஓர் ஆள் நிற்கிற அளவுக்குச் சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. செருப்போடு ஒரு கதவில் நுழைந்து, நீச்சலுடையோடு மறு கதவு வழியாகக் குளத்தின் பக்கம் வெளியேற வேண்டும். யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் நுழையலாம். நெதர்லாந்தில் டேவென்டர் என்ற இந்தச் சிறிய நகரத்துக்கு வந்த முதல் வருடம், பெண்கள் பகுதியைத் தேடி ஈரத்தரையில் மூன்று தடவை சுற்றி வந்தேன். கடைசியில், தரை துடைத்துக்கொண்டிருந்தவரிடம் எனக்குத் தெரிந்த பத்து வார்த்தை டச்சில், "பெண்கள் எங்கே?" என்று கேட்டேன். அவர் குளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மிகுந்த கவலையோடு, "எந்தப் பெண்ணைக் காணவில்லை? என்ன வயது?" என்றார். அன்று குளிக்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் குழப்பம் புரியும். நான் திருநெல்வேலி டவுணில், நெல்லையப்பர் கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்தவள். எங்கள் ஊரில் தண்ணீருக்குக்கூட இரண்டு பக்கம் உண்டு. தாமிரபரணியில் பெண்கள் குளிக்கிற படித்துறை வேறு, ஆண்கள் குளிக்கிற படித்துறை வேறு. குற்றாலத்தில் ஒரே அருவியை இரும்புக் கம்பி போட்டுப் பிரித்து, நடுவில் ஒரு போலீஸ்காரரை விசிலோடு நிறுத்தியிருப்பார்கள். டவுண் பஸ்ஸில் எந்த இருக்கையில் உட்காரலாம் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை; கால் தானாகப் போகும். இருபத்தாறு வருடம் வெளிநாட்டில் இருந்த பிறகும், என் கால் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தி வைத்தவர் என் பிள்ளை.

முகில் என் இளைய பிள்ளை. இருபத்து மூன்று வயது. பிறந்தபோது நாங்கள் வைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுதப்போவதில்லை; அது இப்போது யாருடைய பெயரும் இல்லை. முகிலை இந்தக் கட்டுரை முழுக்க 'அவர்' என்றுதான் எழுதப்போகிறேன். பெற்ற பிள்ளைக்கு மரியாதை கொடுத்தால் தலையில் இருக்கிற கிரீடம் ஒன்றும் இறங்கிவிடாது.

பத்தொன்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நான் பொண்ணு இல்ல" என்றார். எனக்கு உலகத்தில் தெரிந்தது இரண்டுதான். கரண்டியைக் கையில் பிடித்தபடி, "அப்போ பையனா?" என்றேன். "அதுவும் இல்ல. ரெண்டும் கலந்ததும் இல்ல. எல்லாருக்கும் அந்த இடத்துல ஏதோ ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு அங்க ஒண்ணுமே இல்லம்மா." தோசை கருகியது. நான் அழவில்லை, கத்தவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நான் சொன்னது இதுதான்: "எல்லாம் இந்த ஊர்க் குளிரால வர்றது." முகில் கருகின தோசையைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவரும் நானும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்புகிற அச்சுகளை வைத்துக் கட்டுப்பல் செய்து கொடுக்கிற ஒரு கூடத்தில் வேலை. அச்சில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். பல்லைப் பார்த்து, இவர் நகம் கடிக்கிறவர், இவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர், இவர் ஒரு பக்கமே மெல்லுகிறவர் என்று சொல்லிவிடுவேன். ஆணா பெண்ணா என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. தேவைப்பட்டதும் இல்லை. அந்த மாதம் ஒருநாள், மாவு அச்சு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர் மேஜையில் வேலை செய்கிற ஹென்க், என்ன ஆயிற்று என்று கேட்டார். என் பிள்ளை ஆணும் இல்லை பெண்ணும் இல்லையாம் என்று சொன்னேன். அவர், "ஓ, ல்யூக்" என்றார். நன்றாக இருக்கிறதே என்று அர்த்தம். போன வாரம் நான் புது ஜன்னல் திரை வாங்கியதைச் சொன்னபோதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். பிறகு காபி வேண்டுமா என்று கேட்டார். இந்த நாட்டை எனக்குப் பிடிக்கும். ஆனால் இங்கே சில சமயம், நம்மைத் தடுக்கவும் ஆள் இல்லை, கட்டிப்பிடிக்கவும் ஆள் இல்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். தினமும், "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "இது காய்ச்சல் இல்லம்மா" என்று முகில் சிரிப்பார். பழைய பட்டுப்பாவாடைப் படங்களைச் சுவரிலிருந்து கழற்றி ஒளித்தேன். அவர் அதில் இரண்டை எடுத்துத் திரும்ப மாட்டி, "அது நான்தானே, எதுக்கு ஒளிக்கணும்?" என்றார். எனக்கு வழிகாட்டியவர் அவர்தான். என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்பது, தப்பாகச் சொன்னால் ஒரு மன்னிப்போடு நிறுத்திக்கொண்டு மேலே பேசுவது, ஊருக்கு முன்னால் அவரை நிறுத்தி விளக்கம் கேட்காமல் இருப்பது. இவ்வளவுதான் அவர் கேட்டது. பிள்ளை வளர்த்த தாய்க்கு இது பெரிய பாரமில்லை.

போன வருடம் என் மூத்தவன் கதிருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பாளையங்கோட்டை. கல்யாணம் திருநெல்வேலியில்தான் என்று முடிவானபோது முகிலின் முகம் வாடியது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரிக்குப் பெரிய வேலை உண்டு. தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பின்னால் விளக்குப் பிடித்து நிற்க வேண்டும். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் அவள்தான் போடுவாள். நாத்தனார் முடிச்சு என்பார்கள். "அந்த இடத்துல என்னால நிக்க முடியாதும்மா. நின்னா, நான் இல்லாத யாரோ ஒருத்தி அங்க நிக்கற மாதிரி இருக்கும். நான் வரலை" என்றார் முகில். கதிர் ஒரே பிடியாக, "நீ மண்டபத்துல இல்லைனா நான் மணைல உக்காரமாட்டேன்" என்றான். இரண்டு பிள்ளைகளும் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

என் அக்கா கோமதிக்கு போன் போட்டேன். எல்லாருக்கும் அவள் கோமு டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். நாற்பத்தொரு வயதில் அத்தானை இழந்தாள், பிள்ளைகள் இல்லை. அப்பா கட்டிய டவுண் வீட்டில் தனியாக இருக்கிறாள். போனில் நான் இழுத்து இழுத்துச் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிட்டி. பிள்ளையைக் கூட்டிட்டு வா. இங்கன நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். நான் நிம்மதியாகப் பெட்டி கட்டினேன். முகிலும், பெரியம்மாவுக்காக, வந்து பார்க்கிறேன் என்று கிளம்பினார்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது போய் இறங்கினோம். வாசலில் என் ஒன்றுவிட்ட அண்ணன் சிதம்பரம் நின்றிருந்தார். முகிலின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "வாலே மருமவனே, சொகமா இருக்கியா?" என்றார். உள்ளே போனால், கட்டிலின் மேல் பட்டு வேட்டியும் சட்டையும் மடித்து வைத்திருந்தது. கோமு அக்கா பெருமையோடு நின்றாள். அவள் தெருத்தெருவாக, வீடுவீடாகப் போய்ச் சொல்லி வைத்திருக்கிறாள்: "எங்க பிள்ள இனி பையன். எவனாவது பல்லைக் காட்டினிய, பொறவு நான் டீச்சரா இருக்கமாட்டேன்." ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் அக்கா தேடிப் பிடித்து மூடியிருந்தாள். ஆனால் மூடி வேறு பானையினுடையது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. எழுபது வயதை நெருங்குகிற ஒருத்தி, ஒரு போன் பேச்சை வைத்துக்கொண்டு, நாலு தெருவோடு சண்டைக்கு நின்றிருக்கிறாள். நான் ஹாலந்தில் இருந்துகொண்டு கருகின தோசையோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியவள். முகில் அன்று முழுக்க எல்லாருக்கும் சிரித்த முகமாகவே இருந்தார். மாலையில் மாடியில் என்னிடம், "ஒரு ரூம்லேர்ந்து கஷ்டப்பட்டு வெளியே வந்தேன். இவங்க அன்பா கையைப் பிடிச்சு இன்னொரு ரூம்ல கொண்டு விட்டுட்டாங்க. பெரியம்மா மனசு நோகும், ஒண்ணும் சொல்லாதீங்க. கல்யாணத்தன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. ஆனால் அக்கா பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தவள். மறுநாள் காலையில் முருங்கைக்கீரையைப் பரப்பி வைத்து உருவிக்கொண்டே, "பிள்ள, இங்கன வா. வேட்டி பிடிக்கலையா, இல்ல வேற எதும் பிடிக்கலையா?" என்று கேட்டாள். முகில் எதிரே உட்கார்ந்து அவரும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கீரைதான் உருவினார்கள்.

"பெரியம்மா, நீங்க பொம்பளைன்னு உங்களுக்கு உள்ளே தெரியுமா?"

"தெரியாம? இந்தா கீரை உருவும்போதும் தெரியத்தான் செய்யுது."

"எனக்கு அது தெரியலை. ஆம்பளைன்னும் தெரியலை. நான் மாறலை பெரியம்மா. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணாப் போகலை. எனக்கு அங்க வெட்டவெளியா இருக்கு. அவ்வளவுதான்."

அக்காவின் கை நின்றது. "வலிக்குதா?"

"அது வலிக்கலை. அது நல்லா இருக்கு. அங்க யாராவது எதையாவது கொண்டுவந்து வச்சாத்தான் வலிக்கும்."

அக்கா உருவின காம்பை ஒதுக்கிப் போட்டாள். பிறகு, "வெட்டவெளின்னா சாமியைல்லா சொல்லுவாவ" என்றாள். முகில் சட்டென்று, "ஐயோ, சாமியெல்லாம் வேண்டாம் பெரியம்மா. சும்மா ஒரு ஆள். கீரை உருவுற ஆள்" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். நான் நாலு வருடமாக வார்த்தை வார்த்தையாகப் புரிந்துகொண்டதை இந்தப் பிள்ளை நாலு வாக்கியத்தில் ஒரு கணக்கு டீச்சருக்குச் சொல்லி முடித்துவிட்டார். அவளும், "அப்பம் நான் வச்சதை நானே எடுத்துருதேன்" என்று எழுந்து போய், பட்டு வேட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அன்று மாலையே மறுபடி தெருத்தெருவாகப் புறப்பட்டாள். "முந்தி சொன்னது தப்பு. எங்க பிள்ள பையனும் இல்ல, பொண்ணும் இல்ல. முகிலு. அவ்வளவுதான்" என்று திருத்திச் சொல்லிவிட்டு வந்தாள். சிதம்பரம் அண்ணன் தலையைச் சொறிந்து, "அப்பம் நான் எப்படிட்டி கூப்பிட?" என்றிருக்கிறார். "பேரு இருக்குல்லா, அதைச் சொல்லிக் கூப்பிடும்" என்றாளாம்.

கல்யாண வேலை மட்டும் மிச்சம் இருந்தது. நாத்தனார் விளக்கு பெண்ணுடையது. பொரியிடுவது பெண் வீட்டுப் பையனுடையது. ஆரத்தி பெண்களுக்கு, பந்தி பரிமாறுவது ஆண்களுக்கு. அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லி விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். கடைசி விரலில் நின்று, "தாலித்தட்டு" என்றாள். தேங்காயின் மேல் தாலியை வைத்து, கட்டுவதற்கு முன்னால் சபையில் எல்லாரிடமும் கொண்டுபோவார்கள். எல்லாரும் தொட்டு ஆசீர்வாதம் செய்வார்கள். எங்கள் குடும்பத்தில் அதற்கு இன்னார் என்று கிடையாது. கை ஒழிந்தவர்கள் எடுத்துப் போவார்கள். "அதைக் கொண்டுபோற ஆளை ஒருத்தரும் பாக்கமாட்டாவ பிள்ள. தாலியத்தான் பாப்பாவ. நீ பைய நடந்து போ. ஆம்பளைய பக்கம், பொம்பளைய பக்கம், எல்லாப் பக்கமும் போவணும். யாரையும் விட்டுராத." முகிலின் முகத்தில் வந்ததிலிருந்து முதல் முறையாக வெளிச்சம் வந்தது. மூன்று முடிச்சையும் தானே போடுவதாகக் கதிர் சொன்னான். ஐயரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

முகூர்த்தம் காலை ஏழரைக்கு மேல். முகில் வெள்ளைக் குர்தாவும் கறுப்புப் பேண்ட்டுமாகத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி இறங்கினார். ஆண்கள் வரிசையில் நுழைந்து, பெண்கள் வரிசையில் நுழைந்து, தூணோரம் நின்றவர்கள், குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தவர்கள் என்று ஒவ்வொருவரிடமும் நின்று நின்று போனார். கைகள் நீண்டன. மணையிலிருந்து கதிர் தாலியைப் பார்க்கவில்லை, முகிலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு நிமிடம் சம்பந்தியம்மாவிடம் திரும்பிப் பேசிவிட்டு நிமிர்ந்தேன். முகிலைக் காணவில்லை. கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதையைச் சொல்லுவார்கள். இங்கே தாலியையே காணவில்லை. ஐயர், "தட்டு எங்கே? நேரமாறது" என்று கேட்க, நாதஸ்வரக்காரர் வாசிப்பை நீட்டினார். நான் பின்கட்டுக்கு ஓடினேன்.

மண்டபத்தின் பின்னால் உக்கிராண அறை. தேங்காய் மூட்டையும் தாம்பூலப் பையும் அடுக்கி வைக்கிற இடம். அங்கே கோமு அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. எதிரே தட்டோடு முகில். தாலியை விதவைகள் தொடுவதில்லை. அதனால்தான் என் பிள்ளைக்கு விரல் மடக்கி இடம் தேடிக் கொடுத்தவள், அந்த நேரத்தில் யார் கண்ணிலும் படாமல் தேங்காய்களோடு நின்றாள். நானும் அதைக் கவனிக்கவில்லை. என் காலைப் போலவே என் கண்ணும் தானாகப் பழகியிருந்தது.

"நான் தொடக்கூடாது பிள்ள. போ, நேரமாகுது."

"தெரியும் பெரியம்மா. வழியில ஒரு அம்மா சொன்னாங்க, அங்கன கொண்டுபோகாதேன்னு. ஆனா நீங்க யாரையும் விட்டுராதேன்னு சொன்னீங்க."

"அது என்னையச் சேத்துச் சொல்லலை."

"என்னையச் சேர்த்துத்தானே இந்தக் கல்யாணத்துல இடம் தேடினீங்க." முகிலின் குரலில் கோபம் இல்லை. தட்டு கொஞ்சமும் ஆடவில்லை. "நீங்க தொடுற வரைக்கும் நான் இங்கனதான் நிக்கேன்."

அக்கா என்னைப் பார்த்து, "ஏட்டி, நீயாவது சொல்லேன்" என்றாள். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். எனக்குப் பயம் வந்தது. என் மகன் கட்டப்போகிற தாலி. இருபத்தாறு வருடம் ஹாலந்து, நாலு வருடம் முகிலிடம் பாடம், எல்லாம் இருந்தும் ஒரு கணம் வாய் திறக்கவில்லை. அந்தக் கணத்தை முகில் பார்த்தார். பார்த்தும் என்னைக் கோபிக்காமல் காத்திருந்தார். கருகின தோசையைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மாதம் காத்திருந்த அதே பிள்ளை. இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கொடுத்ததில்லை. "தொடுக்கா" என்றேன்.

அக்கா கையை முன்னால் கொண்டுவந்தாள். முந்தானையில் இரண்டு முறை துடைத்தாள். முதலில் ஒரு விரல். பிறகு உள்ளங்கை முழுவதையும் தாலியின் மேல் வைத்து, கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ சொன்னாள். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு மங்கலப் பொருள்மேல் அவள் கை. நான் கோயில் கோபுரங்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், ஆல்ப்ஸ் மலையைப் பார்த்திருக்கிறேன். உக்கிராண அறையில் நின்ற அந்த இரண்டு பேருக்கு முன்னால் வாயடைத்து நின்றதுபோல் எங்கும் நின்றதில்லை.

கதிர் மூன்று முடிச்சையும் போட்டான். முகில் பக்கத்தில் காலித்தட்டோடு நின்றார். "தட்டு எங்க போயிருந்தது?" என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். "எங்க அக்காட்ட" என்றேன். அவர்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு, சாப்பிடப் போகலாம் என்றார்கள். பின் வரிசையில் இரண்டு பேர் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது.

ஹாலந்துக்குத் திரும்ப நாலு நாள் இருக்கும்போது முகில், "நான் கொஞ்ச நாள் இங்க இருக்கேனே" என்றார். கம்ப்யூட்டரில் வரைபடம் வரைகிற வேலை, எங்கிருந்தும் செய்யலாம். எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில் எந்தப் பக்கம் நிற்பது, எந்தக் கழிவறைக்குப் போவது, விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் கோடு போடுவது என்று தினம் ஒரு தொல்லை திருநெல்வேலியில் உண்டு. ஹாலந்தில் அது ஒன்றும் இல்லையே என்றேன். "அங்க யாரும் எதுவும் கேக்கமாட்டாங்கம்மா. இங்க எல்லாரும் கேக்கறாங்க, தப்பா கேக்கறாங்க, மறுநாள் வந்து திருத்திக் கேக்கறாங்க. பெரியம்மா ரெண்டு தடவை தெருத்தெருவாப் போனாங்க. எனக்காக யாரும் அப்படி நடந்ததில்லை" என்றார். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். உண்மைதான்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. போன் பேசும்போது, "வச்சிருதேம்மா, பெரியம்மா கூப்பிடுதாவ" என்கிறார். நான் இங்கே வந்து தொலைத்த பேச்சு அது. நான் ஊரை விட்டு வந்ததே பிள்ளைகளுக்கு நல்ல நாடு வேண்டும் என்றுதான். போன வாரம் இங்கே டேவென்டரில் பக்கத்து வீட்டு டச்சுக்காரி மரைக்கா, எங்கள் வீட்டுத் தபாலைக் கொண்டுவந்து கொடுத்தாள். முகிலைக் குழந்தையிலிருந்து தெரிந்தவள். வாசலில் நின்றபடி, "முகில் எப்போது வீட்டுக்கு வருவார்?" என்று கேட்டாள்.

"வீட்டில்தான் இருக்கிறார்" என்றேன்.

அவள் சந்தோஷமாக என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன்.